அபேனா நின்ற வாசல்

பலெர்மோ
23 சனவரி 2022

அன்பின் அண்ணாவுக்கு வேணுகா எழுதுவது,

இங்கே நான், இவர், பிள்ளை தர்சனா மூவரும் சுகம். உங்கள் சுகத்தையும் அண்ணியின் சுகத்தையும் அறிய ஆசையாக இருக்கிறது. அண்ணியின் முழங்கால் வலி எப்படி? போனில் கேட்டால் "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்லுவார். உண்மையை நீங்கள் எழுதினால்தான் தெரியும். சண்டையில் செல் குண்டு விழுந்து உங்கள் இரண்டு காதும் போன பிறகு, உங்களோடு கதைக்க எனக்கு இந்தத் தாள்தான் இருக்கிறது. போனில் எழுத்துத் தட்ட மாட்டேன் என்ற உங்கள் பிடிவாதத்தில் எனக்கும் சந்தோசம்தான். உங்கள் கையெழுத்தாவது வீட்டுக்கு வருகிறது.

ஒரு புதினம். லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்கிற கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு கிழவரைப் பராமரிக்க அபேனா என்று ஒருவர் வருகிறார். கானா நாட்டவர், ஐம்பது வயது தாண்டியிருக்கும். நான் அக்கா என்றுதான் நினைத்துக்கொள்வது. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருநாள் என்னைக் கேட்டார், "உனக்குக் குடியுரிமை கிடைச்சிட்டுதெண்டு கேள்விப்பட்டன். வாக்காளர் அட்டை எடுத்திட்டியே?" என்று. நாங்கள் இத்தாலியனில்தான் கதைப்போம். உங்களுக்கு விளங்குவதற்காக எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"அப்பிடியொண்டு இருக்கோ?" என்றேன்.

"இருக்கு. வீட்டை கொண்டுவந்திருப்பினம், நீ வேலையிலை நிண்டிருப்பாய். இப்ப அது தேர்தல் கந்தோரிலை ஒரு மேசை லாச்சிக்குள்ளை படுத்திருக்கு. ஆனி மாசம் மாநகரசபைத் தேர்தல். போய் எடு."

ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. மறுநாளும் கேட்டார். பிறகு பஸ்ஸின் அந்தப் பக்கத்திலிருந்து, "லாச்சிக்குள்ளை படுத்தவ இன்னும் எழும்பேல்லையோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகுதான் யோசித்தேன். எனக்கு முப்பத்தைந்து வயது. ஒருநாளும் வோட்டுப் போட்டதில்லை. பதினெட்டு வயதானபோது வந்தது எங்கள் பக்கத்தில் ஒருவருமே வாக்குச்சாவடிக்குப் போகாத தேர்தல். பிறகு சண்டை, முகாம், கலியாணம், இந்த ஊர். அண்ணா, நீங்கள் கடைசியாக எப்போது போட்டீர்கள்?

அண்ணியைக் குனிந்து வேலை செய்ய விடாதீர்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் தங்கச்சி,
வேணுகா


விசுவமடு
20 பெப்ரவரி 2022

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் சுகம். மச்சானுக்கும் மருமகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். அண்ணிக்குப் படி ஏறினால் முழங்கால் நோகிறது, ஏறாவிட்டால் நோவில்லை. எங்கள் வீட்டில் படி இல்லை. ஆகவே சுகம் என்றே எழுதலாம்.

மாரி மழை குறைவில்லை. கச்சான் கடலை பிடுங்கியாயிற்று. பசளை இல்லாததால் கோது பெரிது, பருப்புச் சிறிது. இனி மிளகாய் நடவேண்டும். மண்ணெண்ணெய் கிடைத்தால் மெசின் போட்டு இறைக்கலாம். கிடைக்குமா என்று கடைக்காரனுக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது.

நீ எழுதிய மற்ற விசயம். உனக்குப் பாஸ்போட் கிடைத்தது, அது போதும். கண்ட கண்ட இடத்தில் பெயர் கொடுக்காதே. பெயர் கேட்டு வருகிறவர்கள் முதலில் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தப் பெண்ணோடு திரியவும் வேண்டாம். இதை இத்தோடு விடு.

அண்ணி மோர்மிளகாய் போட்டு வைத்திருக்கிறா. யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அண்ணா சாந்தரூபன்


பலெர்மோ
20 மார்ச் 2022

அன்பின் அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். தர்சனாவுக்குத்தான் சளி, இப்போது பரவாயில்லை. அங்கே எல்லாவற்றுக்கும் வரிசை என்று செய்தியில் காட்டுகிறார்கள். வெயிலில் நிற்கும்போது தலையில் ஏதும் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதாததை நானும் எழுதவில்லை.

கோபிக்காதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அபேனா அக்காவோடு போனேன். அட்டை எடுக்க இல்லை, பார்க்க மட்டும்தான். இவருக்கு விருப்பமில்லை. "அவையளோடை உனக்கு என்ன?" என்று கேட்டார். கறுப்பு ஆட்களுக்கு எங்கள் சனம் வைத்திருக்கிற ஒரு சொல் இருக்கிறதே, அதையும் சொன்னார். "எங்களையும் இஞ்சை அப்பிடித்தானே பாக்கினம்" என்றேன். இவர் எழும்பிப் போய் ரீவியைப் போட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து பல்லாரோ சந்தையைத் தாண்டினால் ஒரு பழைய களஞ்சிய அறை. கானாச் சனம் அதைச் செபக்கூடமாக வைத்திருக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் அபேனா அக்கா கதிரைகளைத் திருப்பிப் போடச் சொன்னார். கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ற் என்று பல நாட்டுப் பெண்கள், பிள்ளைகளோடு. எல்லோரும் இத்தாலியப் பிரசைகள் ஆனவர்கள், ஆனால் வோட்டுப் போட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான்.

நத்தார் கேக் வந்த பெட்டியில் ஒரு துளை வெட்டி அதுதான் வாக்குப் பெட்டி. கட்சிச் சின்னங்களுக்குப் பதிலாக மீன், தோடம்பழம், கத்தரிக்காய் கீறிய தாள்கள். பென்சிலால் கோடு போட வேண்டும், பக்கத்தில் ஆளின் குடும்பப் பெயரை எழுத வேண்டும், எழுத்து வெளியே தெரியாமல் மடிக்க வேண்டும். இத்தாலியன் எழுதத் தெரியாத ஒரு பெண்ணுக்கு ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதக் காட்டினார். அவள் எழுதியதை உயர்த்திப் பிடித்து, "இது வாசிக்கேலும். இது வோட்டு!" என்று கத்தினார். சபை முழுதும் கை தட்டியது. கடைசியில் கத்தரிக்காய் நகரபிதாவாக வந்தது. தர்சனா வீடு வரும்வரை "மெலன்சானா வென்றிட்டுது" என்று துள்ளிக்கொண்டு வந்தாள்.

ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். போன தேர்தலில் துண்டுப்பிரசுரம் கொடுக்க ஒரு பெடியன் அவருடைய தெருவுக்கு வந்தானாம். அபேனா அக்கா வாங்குவதற்குக் கதவடியில் நின்றிருக்கிறார். கீழ் வீட்டுக்குக் கொடுத்தான், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தான், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனான். "நான் கையை நீட்டிக்கொண்டு நிண்டனான், வேணுகா. நீட்டின கையை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அங்கே ஏர்னஸ்ற் என்று ஒரு மனிதர். சந்தையில் இறைச்சி சுமக்கிறவர், கதவளவு உயரம். அவர் மட்டும் தாளைத் தொடவில்லை. "நான் லிபியாவாலை வந்தனான். அங்கை மறிச்சு வைச்சிருக்கேக்கை காலமை காலமை லிஸ்ற் வாசிப்பாங்கள். பெயர் வந்தவன் திரும்பி வரேல்லை. எனக்கு லிஸ்ற் வேண்டாம்" என்றார்.

நான் தர்சனாவைக் கிட்ட இழுத்துக்கொண்டேன், அண்ணா. அபேனா அக்கா போய் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பெண்கள் கூட்டி முடித்து வெளிக்கிடும்வரை அங்கேயே இருந்தார்.

அண்ணிக்கு என் அன்பு முத்தங்கள்.

தங்கச்சி வேணுகா


விசுவமடு
10 ஏப்ரல் 2022

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். மருமகளின் சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு.

இங்கே கரண்ட் அரை நாள் இல்லை. மண்ணெண்ணெய்க்கு விடிய முன்னம் போய் வெறும் பிளாஸ்ரிக் கானை வரிசையில் வைக்கிறோம். எனக்குக் கூப்பிடுவது கேட்காது என்று முன்னால் நிற்கிறவர் என் தோளில் தட்டுவார். மிளகாய்க் கன்று நிற்கிறது.

மற்றதைப்பற்றி எழுத ஒன்றும் இல்லை.

உன் அண்ணா,
சாந்தரூபன்


பலெர்மோ
24 ஏப்ரல் 2022

அன்பின் அண்ணா,

எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கடிதம் அரைப்பக்கம்தான் இருந்தது. மிளகாய்க் கன்று நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், இறைத்தேன் என்று எழுதவில்லை. அண்ணி போனில் தோட்டத்தைப்பற்றிக் கதைக்காமல் கோயில் கொடியேற்றத்தைப்பற்றிக் கதைத்தார். எனக்கு விளங்குகிறது.

இந்தக் கடிதத்தில் நான் ஒன்றை எழுதத்தான் வேண்டும்.

அபேனா அக்கா என்னை ஒருநாள் பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருத்தி, "நீ சோம்பேறி இல்லை. பயப்பிடுறாய். என்னத்துக்கு?" என்று கேட்டார். பதின்மூன்று வருசமாக நான் ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன். சின்னண்ணாவைப்பற்றிச் சொன்னேன். சண்டையின் கடைசியில் வட்டுவாகல் பாலத்தால் நாங்கள் எல்லோரும் கடந்து வந்ததை, ஒலிபெருக்கியில் ஆமி பெயர் பதியச் சொன்னதை, "பதிஞ்சா விட்டிடுவினம், நான் போய்ப் பதிஞ்சிட்டு வாறன்" என்று அவர் போனதை, தன் பெயரைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறியதை, யன்னலால் கையைக் காட்டியதை. உங்கள் காதில் இரத்தம் வந்துகொண்டிருந்தது. நீங்கள் அவரைக் கூப்பிட்டீர்கள். அவர் பதில் சொன்னாரா என்று உங்களுக்குத் தெரியாது. சொன்னார், அண்ணா. "வந்திடுவன்" என்று சொன்னார். இதை உங்களுக்கு நான் எழுதியதே இல்லை.

அபேனா அக்கா ஆறுதல் சொல்லவில்லை. "அவரின்ரை பெயர் என்ன?" என்று கேட்டார். மதிகரன் என்றேன். சொல்லிப் பார்த்தார். பிழைத்தது. "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். பஸ் ஒன்று வந்து போனது. சரியாக வரும்வரை அவர் விடவில்லை. எங்கள் குடும்பத்துக்கு வெளியே ஒரு ஆள் அந்தப் பெயரைச் சொல்லி நான் எத்தனையோ வருசம் கேட்கவில்லை. தெருவில் இருந்தே அழுதேன்.

பிறகு அவர் சொன்னார், "பெயர் குடுத்தாப் பயமெண்டு நீ சொல்லுறாய், அது உண்மை. கடலிலை செத்த எங்கட பிள்ளையளை இஞ்சை சவக்காலையிலை தாட்டிருக்கினம், வந்து பார். கல்லிலை இலக்கம்தான் கிடக்கு. அதையும் நான் பாத்திட்டன்."

அடுத்த கிழமை அவரோடு தேர்தல் கந்தோருக்குப் போனேன். அட்டை உண்மையாகவே லாச்சிக்குள்தான் இருந்தது. என் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள். கந்தோர்க்காரருக்கு அபேனா அக்காவை நல்ல பழக்கம், கிழமைக்குக் கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அல்லவா. "சிஞ்ஞோரா, எல்லாரையும் கொண்டு வாறியள். உங்கட அட்டையிலை முத்திரை குத்த இடம் இருக்கோ, புதுசு வேணுமோ?" என்று கேட்டார்.

"எனக்கு அட்டை இல்லை. நான் பிரசை இல்லை" என்றார் அபேனா அக்கா.

எனக்கு விளங்கவில்லை. கந்தோர்க்காரருக்கும் விளங்கவில்லை. அபேனா அக்கா இருபத்திரண்டு வருசமாக இங்கே இருக்கிறார். வேலை செய்த வீடுகள் பலவற்றில் அவரைப் பதியாமலே வைத்திருந்தார்கள். அதனால் கடதாசியில் வருமானம் போதாது என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். இரண்டாவது விண்ணப்பம் எங்கேயோ கிடக்கிறது. அவருக்கு வோட்டு இல்லை, அண்ணா. இவ்வளவு நாளும் எங்களுக்கு மடிக்கக் காட்டிக்கொடுத்தவருக்கு ஒரு வோட்டு இல்லை.

கந்தோர்க்காரர் கையிலிருந்த முத்திரையை வைத்துவிட்டு எழும்பினார். மேசையைச் சுற்றி வந்து, எங்களுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் படி இறங்கி முடியும்வரை நின்றார்.

நான் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பதில் எழுதுங்கள்.

வேணுகா


பலெர்மோ
19 மே 2022

அன்பின் அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. அண்ணியிடம் கேட்டேன், "அவருக்கு நேரமில்லை" என்றார்.

நேற்று எங்கள் ஆட்கள் சண்டையில் போனவர்களுக்காகக் கடற்கரையில் விளக்கு வைத்தார்கள். அபேனா அக்கா வேலை உடுப்போடு வந்து, பின்வரிசையில் நின்று, தானும் ஒன்று கொளுத்தினார். யாருக்கு என்று இவர் கேட்டதற்கு, "மதிகரனுக்கு" என்றார். பெயரைச் சரியாகச் சொன்னார். இவர் பிறகு அவரைக் காரில் கொண்டுபோய் வீட்டில் விட்டார்.

கோபமென்றால் கோபம் என்றாவது எழுதுங்கள்.

வேணுகா


விசுவமடு
24 மே 2022

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். கோபம் இல்லை. சித்திரைக் கடிதம் வந்து கனநாள். அதைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு வரிசைக்குப் போய்வருகிறேன்.

மிளகாய் காய்ந்துவிட்டது. நான் எழுதாவிட்டாலும் நீ கண்டுபிடிப்பாய், ஆகவே எழுதுகிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை, யோசிக்காதே.

அவன் "வந்திடுவன்" என்று சொன்னது எனக்குத் தெரியாது. வாய் அசைந்தது கண்டேன். "விடுங்கோ" என்று சொன்னான் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் அவன் பெயரைச் சொல்லும்போது எந்த எழுத்தில் தடுமாறினா?

அண்ணா


பலெர்மோ
14 யூன் 2022

என் அன்பு அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நான் மட்டும் நின்று நின்று கால் வீங்கிப்போய் இருக்கிறேன், அது நல்ல வீக்கம். நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். "தி"யில் தடுமாறினார். "மட்டிகரன்" என்றார். நாக்கைப் பல்லில் வைக்கக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர்தல் முடிந்தது. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். எனக்கே இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

காலை ஏழு மணிக்கு எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் கதவு திறப்பார்கள் என்று, ஆராதனைக்கு முன்னமே எல்லோரும் வந்துவிட்டோம். பெண்கள் வெள்ளை உடுப்பும் தலைக்கட்டும். நான் கலியாணத்துக்குக் கட்டுகிற நீலச் சேலை. அன்று இரவு பலெர்மோ அணிக்குப் பெரிய காற்பந்தாட்டம், தெரு முழுக்க ரோசாவும் கறுப்புமாகக் கொடி. அபேனா அக்கா பள்ளிக்கூட வாசலடியில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். அட்டை? அடையாளக் கடதாசி? போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், தெரியுமா? அவர் மட்டும் உள்ளே வரவில்லை. வாக்காளர் அல்லாதவர் அங்கே நிற்கக் கூடாது.

உள்ளே போனால் எங்கள் அறை பூட்டிக் கிடந்தது. சாவடிப் பொறுப்பதிகாரி வரவில்லை. அவர் இல்லாமல் பெட்டியைத் திறக்க முடியாதாம். எங்களுடைய அறை மட்டுமல்ல, நகரத்தில் வேறு பல இடங்களிலும் அப்படியென்று பொலிஸ்காரர் சொன்னார். "வீட்டை போங்கோ, பின்னேரம் வந்து பாருங்கோ" என்றார்.

இந்த ஊர்ச் சனம் திட்டிவிட்டுக் கடலுக்கு வெளிக்கிட்டது. எங்கள் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மத்தியானம் வேலை. வெயில் ஏறுகிறது, பிள்ளைகள் அழுகிறார்கள். ஒருத்தி பையைத் தூக்கினாள். நான் வாசலுக்கு ஓடிப்போய் அபேனா அக்காவிடம் சொன்னேன்.

அவர் கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து, பெரிய சத்தமாக, "நான் இஞ்சைதான் நிக்கிறன்" என்றார். அவ்வளவுதான். பிறகு தலைக்கட்டை அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெயிலில் நேராக நின்றார்.

ஒருவரும் போகவில்லை, அண்ணா.

மணித்தியாலம் மணித்தியாலமாக நின்றோம். வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளைச் சின்னப்பிள்ளைகளின் கதிரையில் இருத்தினோம். எங்கள் மாடியில் இருக்கிற கிழவி எமிலியானா, என்னோடு ஒருநாளும் முகம் பார்த்துக் கதைக்காதவ, வோட்டுப் போட வந்தா. அறை பூட்டியிருக்கிறதென்று அறிந்து திரும்பினா. பிறகு நின்றா. "இவையள் நிக்கேக்கை நான் போறதோ?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எங்களுக்குள் வந்து, தன் விசிறியால் தனக்கும் எனக்குமாக வீசினா. மத்தியானம் இவர் வந்தார். இரண்டு பெரிய சட்டி எலுமிச்சஞ்சோறும் தண்ணீர்ப் போத்தல்களும். முதற் தட்டை வாசலில் நின்ற அபேனா அக்காவுக்குத்தான் கொடுத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மாநகரசபை யாரையோ பிடித்து அனுப்பியது. சின்னப்பெண், வக்கீலாம். கடற்கரையிலிருந்து கூட்டிவந்திருக்கிறார்கள், தலைமயிர் இன்னும் ஈரம். ஓடி வந்தவள் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "எல்லாரும் காலமையிலையிருந்தோ?" என்று கேட்டாள். எமிலியானாதான் பதில் சொன்னா, "ஓம் பிள்ளை. கெதியாத் திற."

வரிசையில் முதலாவதாக ஏர்னஸ்ற் நின்றார். லிஸ்ற் வேண்டாம் என்றவர். எப்போது வந்தாரோ, பெண்கள் அவரை முன்னால் விட்டிருந்தார்கள். கறுப்புக் கோட், தோளில் இறைச்சி சுமந்த தழும்பு தெரியாமல் கழுத்துவரை பொத்தான். அந்தப் பெண் பட்டியலில் விரலை ஓட்டி அவருடைய முழுப் பெயரையும் உரக்க வாசித்தாள். ஒரு கணம் திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு, "நான்தான்" என்றார். உள்ளே போனார். வெளியே வந்தார். திரும்பி வந்தார், அண்ணா. பெயர் வாசிக்கப்பட்டவர் திரும்பி வந்தார்.

என் பெயரை வாசித்தார்கள். அட்டையை நீட்டினேன். மறைப்புக்குள் ஒரு பலகை, ஒரு பென்சில், நான். வேறு ஒருவரும் இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய நகரம் நான் என்ன நினைக்கிறேன் என்று பேசாமல் காத்துக்கொண்டு நின்றது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஒரு அமைதி வந்ததில்லை. கோடு போட்டேன். பெயர் எழுதினேன். எழுதினது நான்தானா என்று திரும்ப ஒருமுறை பார்த்தேன்.

வெளியே வந்தபோது அபேனா அக்கா அதே இடத்தில் நின்றார். முகமெல்லாம் வெயில். அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் என் காதில் கேட்டது ஒன்றுதான்.

"மடிச்சனியே?"

"ஓம் அக்கா. மடிச்சனான்."

நான் எழுதிய ஆள் தோற்றுவிட்டார். அதற்கு அபேனா அக்கா, இலையுதிர்காலத்தில் இன்னொரு தேர்தல் வருகிறதாம், கேக் பெட்டியை எறிய வேண்டாம் என்று சொல்கிறார்.

மிளகாய் போனால் போகட்டும், அண்ணா. நீங்கள் இருங்கள்.

உங்கள் தங்கச்சி,
வேணுகா


விசுவமடு
17 யூலை 2022

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வர மூன்று கிழமைக்கு மேல் எடுத்தது. வந்த அன்றே அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். எமிலியானா விசிறிய இடத்தை அவ இரண்டு முறை வாசிக்கச் சொன்னா. எங்கள் உடம்புக்குக் குறையில்லை. கொழும்பில் நடப்பதையெல்லாம் நீ அங்கே பார்த்திருப்பாய். இங்கே வரிசை குறையவில்லை. நேற்று ஒரு மழை பெய்தது, காலமில்லாத மழை.

நான் கடைசியாக எப்போது வோட்டுப் போட்டேன் என்று தை மாதம் கேட்டிருந்தாய். சண்டைக்குப் பிறகு போடவே இல்லை. வருசாவருசம் கிராம சேவகர் வாக்காளர் பதிவுக்கு வரும்போது நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன். அண்ணி தன் பெயரை மட்டும் கொடுப்பா. இந்த வீட்டில் ஆண் இல்லை என்றுதான் பதிவில் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை நானும் அண்ணியும் கிராம சேவகரின் அலுவலகத்துக்குப் போனோம். இப்போது இருப்பவர் இளம் பெண். எனக்குக் கேட்காது என்று அண்ணி சொன்னதும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் காட்டினா. பெயர் கேட்டா. கொடுத்தேன்.

பிறகு, "வீட்டில் வேறு ஆட்கள்?" என்று எழுதினா.

"ஒரு தம்பி" என்றேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை அந்தப் பெண்ணுக்குச் சொன்னா. அவ பேனையை வைத்துவிட்டா. காணாமல் போனவரைப் பட்டியலில் சேர்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிக் காட்டினா. எனக்குத் தெரியும், நான் அதற்காகச் சொல்லவில்லை என்றேன். பிறகு தாளை இழுத்து இன்னொரு வரி எழுதி என் பக்கம் திருப்பினா.

"அவருடைய பெயர் என்ன?"

நான் சொன்னேன்.

எனக்கு என் குரல் கேட்பதில்லை. மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஆனால் அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். வெளியே மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று அண்ணி பிறகு சொன்னா. வீதிக்கு அந்தப் பக்கம் சங்கக்கடை வரைக்கும் மதிகரன் என்று கேட்டதாம்.

மச்சானுக்கு எங்கள் அன்பு. மருமகளை நன்றாகப் படிக்கச் சொல். அபேனா அக்காவுக்கு ஒரு அண்ணன் வணக்கம் சொல்கிறான் என்று அவவிடம் சொல்லிவிடு.

என்றும் உன் அண்ணா,
சாந்தரூபன்